நம் ஊர் வெக்கையில் பாம்புக்கு எதற்கு ஹீட்டர்?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். “அண்ணே, தீபாவளிக்கு முன்னால ஒரு போல் பைத்தன் மலைப்பாம்பு வாங்கினேன். கடைக்காரர் ஹீட்டிங் மேட், தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்த்து வாங்கச் சொன்னார். கே.எல்.ல நமக்கே வேர்த்து ஊத்துது, பாம்புக்கு எதுக்குண்ணே ஹீட்டரு? போன வாரம் எலியை முழுங்கிட்டு மூணாம் நாள் கக்கிடுச்சு. கண்ணு பட்டுடுச்சுன்னு அம்மா சொல்றாங்க.”

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: பாம்புப் பெட்டி எந்த அறையில் இருக்கிறது? படுக்கையறையில், ராத்திரி முழுக்க ஏர்கோன் 19 டிகிரியில் ஓடும் என்றார். கண்ணேறு கழிக்கத் தேவையில்லை தம்பி, ஏர்கோனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பாம்பு தன் உடல் சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் பிராணி. இது பள்ளியில் படித்ததுதான், அதில் நேரம் போக்க வேண்டாம். போல் பைத்தன் நம் காட்டுப் பாம்பு கிடையாது. செனகல் தொடங்கி உகாண்டா வரை உள்ள ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழ்வது, பகலில் எலி வளையிலோ கரையான் புற்றிலோ சுருண்டு கிடந்து இருட்டிய பிறகு வெளியே வருவது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நமக்குப் புதிதில்லையே. மேலே வெயில் எப்படிக் கொளுத்தினாலும் புற்றின் ஆழத்தில் சூடு சட்டென்று ஏறாது இறங்காது, ஈரமும் காயாது. வாசல் பக்கம் வந்தால் வெதுவெதுப்பு, உள்ளே போனால் குளிர்ச்சி, வேண்டிய இடத்துக்குப் பாம்பே நகர்ந்துகொள்ளும். பெட்டிக்குள் நாம் செய்து தர வேண்டியதும் அந்த வசதியைத்தான். ஒரு முனை 31, 32 டிகிரி, மறுமுனை 25, 26 டிகிரி, இரண்டு பக்கமும் உடம்பு ஒட்டி நுழைகிற அளவில் ஒரு மறைவிடம். மறைவிடம் குளிர்ந்த பக்கம் மட்டும் இருந்தால், பயந்த சுபாவமுள்ள இந்தப் பாம்பு சூடு வேண்டாம் என்று அங்கேயே கிடந்துவிடும்.

சரி, சூடு குறைந்தால் ஏன் கக்குகிறது? எனக்கு ரொம்பவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பாம்பு எலியை மெல்லாமல் முழுசாக விழுங்குகிறது. அந்த எலியின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. எலி செத்தவுடன் அவை எலியை உள்ளிருந்து அழுகச் செய்ய ஆரம்பிக்கின்றன, அதே நேரத்தில் பாம்பின் வயிறு எலியை வெளியிலிருந்து கரைக்க ஆரம்பிக்கிறது. யார் முந்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. பாம்பு தரப்பில் வேலை செய்வது அமிலமும் நொதிகளும், நொதியின் வேகமோ உடல் சூட்டைப் பொறுத்தது, 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும், சில சமயம் அதற்கும் கீழே போகும். 31 டிகிரியில் படுத்திருக்கும் பாம்பு சில நாட்களில் எலியை எலும்போடு கரைத்து முடித்துவிடும். 20 டிகிரி அறையில் கிடக்கும் பாம்புக்குள் எலி அழுகி, வாயு சேர்ந்து, வீங்கத் தொடங்கிவிடும். அதை உள்ளேயே வைத்திருந்தால் பாம்புக்கே ஆபத்து, அதனால் கக்கிவிடுகிறது. கக்கிய எலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தலைப்பக்கம் முடி கழன்று வழவழவென்று இருக்கும், வயிற்றுப் பக்கம் உப்பிப் பச்சை பாய்ந்திருக்கும், அந்த நாற்றம் அறையை விட்டுப் போக ஒரு நாள் ஆகும். தலைப்பக்கம் பாம்பு செய்த வேலை, வயிற்றுப் பக்கம் பாக்டீரியா செய்த வேலை.

இதைவிட ஆச்சரியம், பாம்பு இந்த வேலைக்காகத் தன் உடம்பையே புதிதாகக் கட்டிக்கொள்வதுதான். பர்மிய மலைப்பாம்பை வைத்து ஸ்டீபன் சீக்கரும் ஜாரெட் டைமண்டும் 1990களில் செய்த ஆய்வுகளை முதன்முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை. பட்டினி கிடக்கும்போது மலைப்பாம்பு தன் குடலைச் சுருக்கி, வயிற்றில் அமிலச் சுரப்பை நிறுத்தி வைத்துவிடுகிறது. இரை உள்ளே போனதும் ஓரிரு நாளில் குடலின் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் பல மடங்கு நீள்கின்றன, கல்லீரலும் சிறுநீரகமும் பருக்கின்றன. பெரிய இரை என்றால் உடல் எரிக்கும் ஆற்றல் ஓய்வு நிலையைப் போல 40 மடங்கு வரை போகிறது. ஓடும் குதிரைக்கு ஏறுகிற அளவு அது, இந்தப் பாம்போ அசையாமல் படுத்த இடத்திலேயே செய்கிறது. இதயத்தின் கீழறை 48 மணி நேரத்தில் 40 சதவீதம் பருத்ததாக 2005ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இந்த அளவு வளர்ச்சி தென்படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடுகின்றன. இவ்வளவு கட்டுமானமும் உடல் சூட்டை நம்பி நடப்பதால்தான், இரை எடுத்த பாம்பு தானாகவே சூடான பக்கம் தேடிப் போய்ப் படுக்கிறது. பல பாம்பு இனங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். போவதற்குச் சூடான பக்கமே இல்லாவிட்டால் அது என்ன செய்யும், பாவம்.

மலைப்பாம்பு சாப்பிடுவதை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது, அந்தப் பணத்தில் நாலு பேருக்கு மருந்து வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இதயத்தைப் பருக்க வைக்கும் கொழுப்பு அமிலங்களை 2011ல் கண்டுபிடித்து எலிக்குக் கொடுத்தபோது, எலியின் இதயமும் ஆரோக்கியமான முறையில் வளர்ந்தது. கீலா மான்ஸ்டர் என்கிற பாலைவனப் பல்லியின் எச்சிலில் கண்ட ஒரு பொருள்தான் 2005ல் நீரிழிவு மருந்தாக வந்தது. வீட்டுக்கு வீடு இனிப்பு நீர் உள்ள நம் சமூகத்தில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். உடனே பயன் தெரியாத ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும், நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஊர்வனவற்றுக்கென்று இன்னும் தாராளமாகவே ஒதுக்க வேண்டும். அப்புறம் புற்றில் பால் ஊற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாம்புக்குப் பால் உணவே இல்லை. தாகத்தில் தவிக்கும் பாம்பு முன்னால் எந்தத் திரவத்தை வைத்தாலும் குடிக்கத்தான் பார்க்கும். பினாங்கு சுங்கை குளுவாங் பாம்புக் கோயிலில் விரியன்கள் ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடப்பதாகச் சொல்வதும் இந்த ரகம்தான். அந்த இனம் இரைக்காக ஒரே கிளையில் நாள்கணக்கில் அசையாமல் காத்திருக்கும் இனம், காட்டிலும் அப்படித்தான் இருக்கும். அது நம் மண்ணின் பாம்பு என்பதால் அங்கே ஹீட்டரும் தேவையில்லை.

இப்போது ஹீட்டர் விஷயத்துக்கு வருவோம். ஹீட்டர் ஒரு குறிப்பிட்ட சூட்டைக் கொடுக்காது, அறையின் சூட்டுக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவைக் கூட்டும். நம் ஊரில் பாம்பு வளர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பெட்டிக்கு அடியில் விரிக்கும் உங்கள் ஹீட்டிங் மேட், தன் மேலுள்ள தரையை அறையைவிட 12 டிகிரி கூட்டுகிறது என்று வையுங்கள். ராத்திரி ஏர்கோன் ஓடி அறை 20 ஆகும்போது சூடான முனை 32, பிரமாதம். காலையில் ஏர்கோனை அணைத்துவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். மதியம் ஜன்னல் மூடிய கொண்டோவில் அறை 33 ஆகிறது, அதே மேட் அதே 12 டிகிரியைக் கூட்டுகிறது, முனை 45. பாம்புக்கு வியர்வை கிடையாது. உடல் சூடு 38ஐத் தாண்டினாலே ஆபத்து. குளிர்ந்த முனைக்கு ஓடலாம் என்றால் அங்கேயும் 33. ஐரோப்பியர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது பெரிதாக வராது, அவர்கள் வீட்டு அறை வருடத்தில் பெரும்பாலான நாள் 20, 22க்குள் நிற்பதால் அவர்களுக்குக் கூட்டல் கணக்கு தப்பாது. நமக்கு ஒரே நாளில் 13 டிகிரி ஆடுகிறது.

அதனால் தெர்மோஸ்டாட், அதாவது சூடு ஏறியதும் மேட்டை நிறுத்திவிடும் கருவி, இல்லாமல் மேட் வாங்கவே வேண்டாம். அதன் உணர்முனையைப் பெட்டியின் அடியில், மேட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்து ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு இழுத்துப் போட்டுவிடும், தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து நனைந்தாலும் அது குளிர் என்று நினைத்து மேட்டை விடாமல் ஓட்டும். உள்ளே மரத்தூளைத் தடிமனாகக் கொட்டாதீர்கள், மேலே அளந்தால் 29 காட்டும், பாம்பு தோண்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்தால் வயிறு வெந்துவிடும். தீக்காயம் பட்ட பிறகும் பாம்பு அதே இடத்தில் கிடப்பதைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள், சுட்டால் எழுந்து போய்விடும் என்று நம்பியிருக்கக் கூடாது. சூடான பக்கத்து மறைவிடத்தைத் தூக்கிவிட்டு, தூளை ஒதுக்கி, வெறும் தரையில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிப் பாருங்கள். அந்த எண்தான் கணக்கு. கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பாதீர்கள், அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை.

ஏர்கோனே போடாத வீடு என்றால் கதை தலைகீழ். கோலாலம்பூரில் விடியற்காலை 23, 24, பிற்பகல் 32, 33. பகலில் அறையே சூடான முனை ஆகிவிடுகிறது, நீங்கள் தேட வேண்டியது குளிர்ந்த முனையை. பெட்டியைத் தரையோரமாக, மேற்கு வெயில் படாத சுவருக்குப் பக்கத்தில் வையுங்கள். கண்ணாடிப் பெட்டி மேல் அரை மணி நேரம் நேர் வெயில் விழுந்தாலும் போதும், பாம்பு செத்துவிடும். தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள அறையில் வைக்கவே வேண்டாம். ஹீட்டர் ராத்திரிக்கு மட்டும்தான், அதையும் தெர்மோஸ்டாட்டே முடிவு செய்யட்டும்.

செந்தூல் தம்பிக்கு: இரண்டு வாரம் எலி கொடுக்காதீர்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். முடிந்தால் பெட்டியை ஏர்கோன் இல்லாத அறைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் தெர்மோஸ்டாட்டோடு மேட் வாங்கி, பாம்பை உள்ளே விடாமல் ஒரு முழு நாள் ஓட்டி, ராத்திரியும் மதியமும் அளந்து பாருங்கள். ஏர்கோன் காற்று வறட்டும், ஈரம் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பாருங்கள், இல்லையென்றால் சட்டை உரிக்கும்போது கண்மேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வழக்கமான அளவில் பாதி உள்ள எலியாகக் கொடுங்கள், கொடுத்த பின் இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள். பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் எடுத்திருக்கிறீர்களா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சூடெல்லாம் சரியாக இருந்தும் மறுபடி கக்கினால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது, ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.