ஆயிரம் அணுவில் 7-ஐப் பிரிக்க எவ்வளவு கரண்ட்?

“ஈரான் 60 சதவீதம் வரை யுரேனியத்தைச் செறிவூட்டிவிட்டது, குண்டுக்கு 90 வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு வேலை பாக்கிதானே?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், ஆனால் இந்தச் சதவீதம் ஆளை ஏமாற்றிவிடும்.

மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு 7 மட்டுமே அணு உலைக்கும் குண்டுக்கும் வேண்டிய யுரேனியம்-235, மற்றதெல்லாம் சற்றுக் கனமான 238. செறிவூட்டும்போது அந்த 7 கூடுவதில்லை, மற்றதை வெளியே தள்ளுகிறோம், அவ்வளவுதான். உலைக்கு வேண்டிய 4 சதவீதத்துக்கு வர 825 அணுக்களைத் தள்ள வேண்டும். 20 சதவீதத்துக்கு இன்னும் 140. கிட்டத்தட்ட 60-க்கு இன்னும் 23. அங்கிருந்து 90-ஐ நெருங்க? வெறும் 4. நிஜத்தில் கழிவோடு கொஞ்சம் 235-ம் போய்விடும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். மின்நிலையத்துக்கு என்று செய்கிற முதல் கட்டத்திலேயே குண்டுக்கான வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

சரி, எப்படித் தள்ளுவது? எந்த அமிலத்தில் போட்டாலும் 235-ம் 238-ம் ஒன்று போலத்தான் நடந்துகொள்ளும், எடை மட்டும்தான் வித்தியாசம். (கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது என்பவனிடம் லட்சக்கணக்கில் ஏமாந்து காவல் நிலையத்துக்கு நடக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாளைக்கு எவனாவது வீட்டிலேயே யுரேனியம் பிரித்துத் தருகிறேன் என்று வந்தால் இந்த ஒரு வரி போதும், அவனை அனுப்பிவிட.) அதனால் எடையை வைத்தே பிரிக்க, யுரேனியத்தை ஃபுளோரினோடு சேர்த்து ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவாக்குகிறார்கள். இயற்கையில் ஃபுளோரினுக்கு ஒரே ஒரு ஐசோடோப்தான் (ஒரே எடையுள்ள அணுதான்) உண்டு, ஆகவே மூலக்கூறுகளின் எடையில் தெரிகிற வித்தியாசம் முழுக்க யுரேனியத்துடையது: 349, 352. இப்படி ஒரு அதிர்ஷ்டம் அமையவில்லை என்றால் பாடு இன்னும் பெரும்பாடாகியிருக்கும்.

பழைய முறையில் இந்த வாயுவை நுண்துளைச் சவ்வு வழியாக அழுத்துவார்கள். இலேசானது சற்று வேகமாக ஊடுருவும். ஒரு தடவைக்கு அதிகபட்ச லாபம் 0.43 சதவீதம். அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், ஒவ்வொரு படியிலும் கம்ப்ரஸர். பிரான்ஸின் திரிகாஸ்தேனில் இருந்த யூரோடிஃப் ஆலைக்கு, பக்கத்திலேயே இருந்த நான்கு உலைகளில் மூன்றின் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. ஒஹாயோவில் இருந்த அமெரிக்க ஆலைக்காகவே இரண்டு நிலக்கரி மின்நிலையங்கள் கட்டினார்கள்.

அப்புறம் வந்தது சென்ட்ரிஃபியூஜ். எனக்கு இந்த இயந்திரத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. வெற்றிடமாக்கிய உறைக்குள் அசுர வேகத்தில் சுழலும் ஒரு மெல்லிய உருளை. அடியில் ஊசிமுனை மேல் நிற்கும், மேலே காந்தம் தொடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் சோவியத்திடம் பிடிபட்ட ஆஸ்திரியர் கெர்னாட் ஸிப்பே, கருங்கடலோரம் சுகுமியில் கைதியாக இருந்தபோது உருவான வடிவம் இது. விளிம்பு விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள், 10 செ.மீ. ஆரத்துக்கு அது புவியீர்ப்பைப் போல ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல். வாயு சுவரோடு அப்பிக்கொள்ளும், அதிலும் கனமானது சற்று அதிகமாக, நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. அழகு எங்கே இருக்கிறது என்றால், சவ்வு பார்ப்பது 352-க்கும் 349-க்கும் உள்ள விகிதத்தை, அது ஏறக்குறைய 1. சென்ட்ரிஃபியூஜுக்கு விகிதம் பொருட்டே இல்லை, கழித்தால் வரும் 3 மட்டும்தான் கணக்கு; மூலக்கூறு எவ்வளவு கனம் என்பதை அது கண்டுகொள்வதே இல்லை. அந்த 3-ஐ வேகத்தின் வர்க்கம் பெருக்க, அதுவும் அடுக்குக்குறியில் போய் உட்கார, 0.43 இருந்த இடத்தில் சுமார் 10 சதவீதம் கிடைக்கிறது. அதோடு விடுவதில்லை. உருளையின் ஒரு முனையை லேசாகச் சூடாக்கி, சுவரோரம் ஒரு பக்கமும் உள்ளே எதிர்ப்பக்கமும் வாயுவை மெல்ல ஓடவிட்டால், நீளவாக்கில் அந்தப் பத்தும் மேலும் பெருகும். உரசல் அநேகமாக இல்லாததால், ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் கரண்ட் செலவு அற்பம்.

கணக்கைப் பாருங்கள். 4.5 சதவீத எரிபொருள் ஒரு கிலோ, உலையில் சுமார் 3.6 லட்சம் யூனிட் மின்சாரம் தரும். அதைச் செறிவூட்டப் பழைய முறையில் 17,000 யூனிட் போகும், 100-க்கு ஏறக்குறைய 5. சென்ட்ரிஃபியூஜில் 350 யூனிட், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் இரண்டு மாத பில். அணுமின்சாரம் போட்ட ஆற்றலைத் திருப்பித் தருமா என்று யாராவது சண்டைக்கு வந்தால், எந்த முறையின் கணக்கை வைத்துப் பேசுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

இந்தச் சிக்கனம்தான் பாதுகாப்புக்கு வினையானது. சவ்வு ஆலையை ஒளித்து வைக்க முடியாது, அதன் கட்டடமும் மின்கம்பிகளுமே காட்டிக்கொடுத்துவிடும். சென்ட்ரிஃபியூஜ்களை மலைக்கடியில் வைக்கலாம், கோம் நகருக்கு அருகே ஃபோர்டோவில் ஈரான் அப்படித்தான் வைத்தது, 2009-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஒப்பிட்டுப் பாருங்கள்: கூடங்குளத்தில் 3, 4 உலைகளுக்கு மட்டும் மதிப்பீடு 39,849 கோடி ரூபாய். உலகம் முழுக்க இதையெல்லாம் கண்காணிக்கும் சர்வதேச அணுசக்தி முகமைக்கு அந்த வேலைக்காக ஆண்டுக்குக் கிடைப்பது 15 கோடி யூரோ சொச்சம். வெட்கக்கேடு என்பேன்.

“செலவு மிச்சம், அதனால் நாங்களே செறிவூட்டிக்கொள்கிறோம்” என்று ஒரு நாடு சொன்னால் நம்பாதீர்கள். செறிவூட்டும் கட்டணம் சில ஆண்டுகளில் நான்கு மடங்கு ஏறியபோதும் ஒரு யூனிட் மின்சாரத்தில் கூடியது சுமார் 20 பைசா. கூடங்குளத்துக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்துதான் வருகிறது, ஈரானின் புஷேர் உலைக்கும் அப்படியே. ஒரே ஒரு மின் உலையை வைத்துக்கொண்டு இத்தனை ஆயிரம் சென்ட்ரிஃபியூஜ் எதற்கு என்று கேட்டால், ஈரான் கையில் ஒரு பதில் வைத்திருக்கிறது, அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது: முன்னே சொன்ன அந்த பிரெஞ்சு ஆலைக்கு 1974-ல் நூறு கோடி டாலர் கடன் கொடுத்து, உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு உரிமையும் வாங்கியவர் ஈரானின் அன்றைய மன்னர் ஷா. 1979 புரட்சிக்குப் பிறகு பணத்துக்காகப் பல ஆண்டு வழக்காடி, 1991-ல்தான் சமரசம் ஆனது. யுரேனியம் ஒரு கிலோகூட வரவில்லை.