ரிப்பீட்டர் என்றால் பெருக்கியா?

வீட்டின் கடைசி அறைக்கு வைஃபை எட்டாவிட்டால் என்ன செய்யலாம் என்று தமிழில் விளக்கும் குறிப்புகள் இப்போது நிறையவே வருகின்றன. வரட்டும், நல்லதுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, வைஃபை அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் என்ற சிறு கருவியைச் 'சமிக்ஞைப் பெருக்கி' என்று எழுதுகின்றன. வடசொல் வேண்டாதவர்கள் 'அலைபெருக்கி' என்கிறார்கள். அடுத்த வரியிலேயே, 'மெலிந்த அலையை வாங்கி இது வலுவாக்கித் தரும்' என்ற விளக்கமும் தவறாமல் வந்துவிடுகிறது. சொல்லும் தவறு, அந்தச் சொல்லின் வயிற்றில் பிறந்த விளக்கமும் தவறு. அதை நம்பிக் கருவியைக் கொண்டுபோய் வைஃபை எட்டாத அந்த அறையிலேயே செருகிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று விழிப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்கள் மேல் கோபம் வருகிறது.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மூலம் லத்தீன். 'ரெ' என்றால் மீண்டும்; 'பெட்டேரே' என்றால் நாடிச் செல்லுதல். மீண்டும் நாடுதல், மீண்டும் செய்தல், மீண்டும் சொல்லுதல் என்று பொருள் வளர்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சொன்னதைத் திருப்பிச் சொல்பவர் ரிப்பீட்டர். பெரிதாக்குவது என்ற பொருள் இதில் எந்த மூலையிலும் இல்லை.

அப்படியானால் பெருக்கி எங்கிருந்து வந்தது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டுத் தந்தியில், நெடுந்தூரக் கம்பியின் மறுமுனைக்குப் போய்ச் சேரும் மின்னோட்டம் மிகவும் மெலிந்துவிடும். அதனால் நடுவில் ஒரு மின்காந்தத்தை வைத்தார்கள். வந்த மின்னோட்டம் அதை இழுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். காந்தம் ஒரு தொடுமுனையை மூடும். தனக்கென்று தனி மின்கலம் வைத்திருக்கும் அடுத்த கம்பியில் புத்தம்புதிய மின்னோட்டம் கிளம்பும். பழைய மின்னோட்டத்தின் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. தாண்டிப் போவது செய்தி மட்டும்தான். தந்தித் துறை இப்படிப்பட்ட அமைப்பை ரிப்பீட்டர் என்றது. பொருத்தமான பெயர்.

பிறகு தொலைபேசி வந்தது. தந்தியைப் போலக் குரல் விட்டுவிட்டு வருவதில்லை, தொடர்ச்சியாக ஏறி இறங்குகிறது. அதைப் புதிதாக உருவாக்கி அனுப்ப அன்றைக்கு வழியில்லை. வந்ததை அப்படியே பெரிதாக்கத்தான் முடிந்தது. 1915இல் நியூயார்க்கையும் சான்பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடத்தில் வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் இருந்தன. 1956இல் அட்லாண்டிக் கடலடியில் இயங்கத் தொடங்கிய முதல் தொலைபேசி வடத்திலும் அவைதாம். இவற்றுக்கும் ரிப்பீட்டர் என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே பெருக்கி என்று முதலில் எழுதியவர் ஒன்றும் காற்றில் பிடித்துப் போடவில்லை. அந்தக் காலத் தொலைபேசிக்கு அந்தச் சொல் சரியாகவே பொருந்தும்.

ஆனால் வைஃபை ரிப்பீட்டர் தந்தியின் வழிவந்தது. ரௌட்டர், அதாவது வீட்டுக்கு வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, தகவலைச் சிறு சிறு கட்டுகளாக அனுப்புகிறது. ஒவ்வொரு கட்டின் கடைசியிலும் பிழை பார்ப்பதற்கான ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. ரிப்பீட்டர் கட்டைப் பிரித்துப் படிக்கிறது, எண்ணை ஒப்பிடுகிறது, பிழை இருந்தால் தூக்கி எறிகிறது, சரியாக இருந்தால் தன் சொந்த வலுவில் புதிதாக அனுப்புகிறது. பெருக்கியோ எதையும் படிப்பதில்லை. குரலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். இரண்டும் அடிப்படையிலேயே வேறு வேலைகள். ஒன்றின் பெயரை மற்றதற்குச் சூட்டுவது, வந்த கடிதத்தைப் படியெடுத்து அனுப்புகிறவரைப் பூதக்கண்ணாடி என்று அழைப்பதற்குச் சமம்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. 'மக்களுக்குப் புரிகிறதே, போதாதா?' என்பது அவர்களுடைய வாதம். புரியவில்லை என்பதுதான் என் பதில். பெருக்கி என்று கேட்டவர் என்ன நினைப்பார்? எவ்வளவு மெலிந்த அலையைக் கொடுத்தாலும் இது பெரிதாக்கிவிடும் என்று நினைப்பார். உண்மையில் ரிப்பீட்டருக்கு நல்ல அலை கிடைத்தால்தான் அது நல்லதைத் திருப்பிச் சொல்ல முடியும். எனவே அதை ரௌட்டருக்கும் எட்டாத அறைக்கும் நடுவில், அலை இன்னும் தெளிவாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். கைபேசிச் செயலிகள் அலையின் வலுவைக் கழித்தல் குறியுள்ள எண்ணாகக் காட்டுகின்றன. சுழியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு வலு. −80 காட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் பலனை எதிர்பார்க்க முடியாது. −70க்குக் கீழே இறங்காத இடமாகப் பார்ப்பது நல்லது. 'மறுபடி அனுப்புவது' என்ற பொருள் பெயரிலேயே இருந்தால் இதில் பாதியை விளக்கவே வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. ஒரே அலைவரிசைத் தடத்தில் வாங்கி அதே தடத்தில் அனுப்பும் எளிய ரிப்பீட்டர், ஒவ்வொரு கட்டுக்கும் காற்றில் இரண்டு முறை இடம் பிடிக்கிறது. ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் அதனால் முடியாது. ஆகவே அதன் வழியாகக் கிடைக்கும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பெயர் பெருக்கி, செய்வது வகுத்தல். (பெருக்குவதற்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. துடைப்பத்தோடு வரும் அந்தப் பொருளை நினைத்தால் 'அலைபெருக்கி' வீட்டிலுள்ள அலைகளைக் கூட்டி வாசலில் தள்ளிவிடுமோ என்று தோன்றுகிறது.)

இதற்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. கைபேசிக் கோபுரத்தின் அலையை வாங்கி, உள்ளது உள்ளபடியே பெரிதாக்கி வீட்டுக்குள் விடும் கருவிகள் உண்டு. அவை உண்மையான பெருக்கிகள். பல நாடுகளில் உரிமமோ அனுமதியோ இல்லாமல் அவற்றைப் பொருத்தக் கூடாது. வைஃபை ரிப்பீட்டருக்கு அப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லை. இரண்டையும் பெருக்கி என்றே எழுதினால், சட்டத்துக்குட்பட்ட எளிய பொருளும் அனுமதி வேண்டிய பொருளும் ஒரே பெயரில் நிற்கும். வைஃபை ரிப்பீட்டரின் பெட்டியிலேயே பூஸ்டர் (வலுவூட்டி) என்று அச்சிட்டிருக்கிறார்களே என்று கேட்டால், விற்பவர் ஆயிரம் அச்சிடுவார். விளம்பரச் சொல்லைப் பார்த்துக் கலைச்சொல் செய்வது மொழிபெயர்ப்பாளரின் வேலை ஆகாது. பெட்டியைப் படிக்கிறார்கள், பெட்டிக்குள் இருப்பது என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. இன்றைய கணினித் தமிழின் பாதி நோய் இதுதான்.

சரி, வேறு எதைச் சொல்லலாம்? 'திரும்பச்செய்வி' என்ற ஆக்கம் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. எதைத் திரும்பச் செய்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. 'மீட்டுருவாக்கி' கருத்தளவில் நெருங்கி வருகிறது, ஆனால் அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை நினைவூட்டுகிறது. 'வீச்சு நீட்டிப்பான்' ஒரு விதத்தில் நாணயமான சொல். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாவிட்டாலும் அதனால் கிடைக்கும் பலனைச் சரியாகச் சொல்கிறது. அதை எழுதுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

என் மனம் முதலில் போனது 'அஞ்சல்' என்ற சொல்லிடம். ஒரு வானொலி நிலையத்தின் ஒலிபரப்பை இன்னொரு நிலையம் வாங்கித் தன் வீச்சுக்குள் ஒலிபரப்புவதை 'அஞ்சல் செய்தல்' என்று அழகாகச் சொன்னார்கள். இலங்கைத் தமிழில் கோலைக் கைமாற்றி ஓடும் பந்தயம் இன்றும் அஞ்சலோட்டம்தான். இந்தக் கருவி செய்வதும் அதுவே. ஆனால் மின்னஞ்சல் வந்தபின் கணினியின் பக்கத்தில் அஞ்சல் என்றாலே கடிதம் என்றாகிவிட்டது. சுருக்கி 'அஞ்சலி' என்று வைக்கலாம் என்றால் கருவிக்கு மலர்வளையம்தான் வைக்க வேண்டிவரும். எனவே பெயராக வேண்டாம். 'ரௌட்டரின் அலையை அஞ்சல் செய்கிறது' என்று வினையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பெயருக்கு 'மறுபரப்பி' போதும் என்பது என் முடிவு. ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்று பழகிய காதுக்கு விளக்கம் தேவைப்படாது. வாங்கி மறுபடி பரப்புகிறது என்ற செயலும் அதிலேயே இருக்கிறது. இகரத்தில் முடியும் இத்தகைய பெயர்கள் எல்லாவற்றுக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு: 'பரப்பி' என்பது வினையெச்சமும் ஆகும் என்பதால் வாக்கியத்தின் நடுவில் வாசகர் தடுக்கி விழலாம். வாக்கியத்தைக் கவனமாக அமைத்தால் தவிர்த்துவிடலாம். மறுபரப்பி பிடிக்கவில்லை என்றால் ரிப்பீட்டர் என்றே எழுதுங்கள். தூய தமிழ் எனக்கும் வேண்டியதுதான். ஆனால் பொருளைக் கெடுக்கும் தமிழ்ச் சொல்லைவிடப் பொருளைக் காக்கும் கடன்சொல் மேல்.

வீட்டில் பல வைஃபை கருவிகளை வைத்து அவற்றை ஒரே அமைப்பாக இயக்கும் மெஷ்ஷின் கதை இதைவிட மோசம். நெட்வொர்க் ஏற்கெனவே சிலருக்கு வலையமைப்பு, சிலருக்கு வலைப்பின்னல். இப்போது மெஷ்ஷுக்கும் வலை என்று எழுதி, 'வலை வலையமைப்பு' என்று ஒரு விந்தையை உலவவிட்டிருக்கிறார்கள். வலைக்குள் வலை வைத்தால் மீன் அகப்படலாம், பொருள் அகப்படாது. 'கண்ணி' என்பவர்கள் ஓரளவு யோசித்தவர்கள். ஆங்கிலச் சொல்லும் முதலில் வலையின் நூல்களுக்கு இடையிலுள்ள கண்ணைத்தான் குறித்தது. ஆனால் கண்ணி என்றால் இன்று பொறியும் வெடியும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. வீட்டில் கண்ணி வைத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

இங்கே முக்கியம் துளையும் இல்லை, பொறியும் இல்லை. பல கணுக்கள் (அங்கங்கே வைக்கும் அந்தக் கருவிகள்) ஒன்றோடொன்று பேசி, எந்த வழியாகத் தகவலை அனுப்பலாம் என்று தமக்குள் முடிவு செய்துகொள்கின்றன. அதனால் 'பின்னல்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. விரிவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பின்னல் வலையமைப்பு'. இதற்கான 802.11எஸ் என்ற தரம் 2011இல் வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் சேர்ந்து இயங்குவதற்கான ஈசிமெஷ் திட்டத்தை, வைஃபை கருவிகளுக்குச் சான்றளிக்கும் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் 2018இல் வெளியிட்டது. வீட்டுக்கு விற்கப்படும் பல மெஷ் தொகுதிகள் உண்மையில் ஒரு தலைமைக் கணுவிலிருந்து கிளை பிரியும் மர அமைப்பிலேயே இயங்குகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுபரப்பியோடு ஒப்பிட்டால் வாங்குபவருக்குக் கிடைக்கும் வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது: வீடு முழுவதும் ஒரே பெயர், ஒரே நிர்வாகம், நடந்துகொண்டே பேசும் கைபேசிக்கு எந்தக் கணு நல்லது என்ற யோசனை. யோசனைதான்; மாறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கடைசியில் கைபேசி. 'மெஷ் தானாகவே உங்களை மாற்றிவிடும்' என்று எழுதுபவர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

கணுக்களுக்கு இடையிலுள்ள தொடர்பை ஆங்கிலத்தில் பேக்ஹால் என்கிறார்கள். அதைப் 'பின்இழுவை' என்று பெயர்த்த ஒரு கையேட்டைப் படித்தபோது கருவிக்குள் மாடு கட்டியிருக்கிறார்களோ என்று எண்ணிக்கொண்டேன். 'இடையிணைப்பு' என்றால் முடிந்தது. விலை கூடிய தொகுதிகள் இந்த இடையிணைப்புக்கென்று தனி அலைவரிசையை ஒதுக்குகின்றன. அதனால் நான் மேலே சொன்ன பாதியாகும் தொல்லை வெகுவாகக் குறையும். கணுக்களுக்கு இடையே கம்பியே இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை அறவே இராது.