குஷனை மாற்றினால் பேஸ் ஏன் காணாமல் போகிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "நாலு வருஷமாக வைத்திருக்கும் மூடிய ரக ஹெட்போன், முப்பதாயிரத்துக்குக் கிட்டத்தட்ட விலை. குஷன் கறுப்புச் செதிலாக உரிந்து காதில் ஒட்ட ஆரம்பித்தது. ஆன்லைனில் வலைத்துணி போட்ட குஷன் வாங்கி மாட்டினேன். வியர்ப்பதில்லை, வசதியாக இருக்கிறது. ஆனால் பேஸ் சுத்தமாகப் போய்விட்டது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்கவே இல்லை. டிரைவர் போய்விட்டதா? கழற்றும்போது எதையாவது உடைத்துவிட்டேனா?"

எதுவும் உடையவில்லை. காற்று கசிகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கசிவு ஏன் பேஸை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியை, மட்டும் குறிவைத்துத் தின்கிறது என்பதில் அழகான இயற்பியல் ஒன்று இருக்கிறது. ஹெட்போனை வீட்டில் சுத்தம் செய்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம்.

முதலில் அந்தச் செதில் விவகாரம். குஷனின் மேல் இருப்பது பெரும்பாலும் தோல் அல்ல. துணிமேல் பூசிய மெல்லிய பாலியூரித்தேன் படலம். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் பல நேரம் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும். பள்ளியில் படித்ததுதான்: அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர், தண்ணீர் உள்ளே புகுந்தால் அது மறுபடி அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரியும். பிரிந்து வந்த அமிலமே அடுத்தடுத்த பிணைப்புகள் உடைவதை வேகப்படுத்தும். மூன்று வருடம் நன்றாக இருந்த குஷன் ஒரே மழைக்காலத்தில் மளமளவென்று உரிவது இதனால்தான். பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் பொடியாக உதிர்வதும் இதே வினைதான். ஹெட்போனைப் பயன்படுத்தாமல் வைத்தாலும் குஷன் உரியும். காற்றில் இருக்கும் ஈரமே போதும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் கேட்கவே வேண்டாம். பாலிஈதர் வகைப் படலம் ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். வைக்கும் பெட்டியில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதும் நல்லது.

படலம் உரிந்தபின் மிஞ்சுவது வெறும் துணி. துணி வழியே காற்று போகும். கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

ஹெட்போனுக்குள் இருக்கும் டிரைவர் ஒரு குட்டி ஸ்பீக்கர் என்று எல்லோருக்கும் தெரியும். காந்தம், கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. ஆனால் பேஸ் விஷயத்தில் அது ஸ்பீக்கர் மாதிரி நடந்துகொள்வதே இல்லை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். காதுக்கும் டிரைவருக்கும் நடுவே இருப்பதோ இரண்டு சென்டிமீட்டர். அந்த இடத்தில் அலை என்று ஒன்று உருவாகவே வழியில்லை. சவ்வு முன்னே நகர்ந்தால் குஷனுக்குள் அடைபட்ட காற்று முழுவதும் ஒரே நேரத்தில் அமுங்குகிறது. பின்னே போனால் முழுவதும் தளர்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை லேசாக அசைப்பது போல. அந்த அழுத்த மாற்றத்தைத்தான் செவிப்பறை பேஸ் என்று உணர்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். குஷனுக்குள் அடைபட்ட காற்று 100 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 94 டெசிபல் என்பது நல்ல சத்தம்; அழுத்தத்தில் சொன்னால் 1 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் சுமார் ஒரு லட்சம் பாஸ்கல். சட்டென்று அமுக்கும்போது காற்று சூடாவதால் 1.4 என்ற காரணியும் சேரும். ஆக, 1 பாஸ்கல் ஏற்றுவதற்குக் கொள்ளளவை 1,40,000இல் ஒரு பங்கு குறைத்தால் போதும். அது 0.7 கன மில்லிமீட்டர், கடுகைவிடச் சின்னது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சவ்வு இதைச் செய்ய எவ்வளவு நகர வேண்டும்? அரை மைக்ரானுக்குச் சற்று மேல். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இதே 40 ஹெர்ட்ஸை, இதே அளவு சத்தமாக, திறந்த வெளியில் தரையில் வைத்த ஒரு ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தள்ளித் தரவேண்டும் என்றால் சுமார் 80 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளியாக வேண்டும். ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்! அண்டா மாதிரி வூஃபர் செய்யும் வேலையை ஒரு பிளாஸ்டிக் சவ்வு கண்ணுக்கே தெரியாத அசைவில் முடிக்கிறது என்றால், அதற்கு முழுக் காரணம் அந்த அடைப்பு. குஷனை மெத்தை என்று நினைப்பதால்தான் வலைத்துணிக் குஷன் வாங்கத் தோன்றுகிறது. அது ஒரு காற்று அறையின் சுவர்.

இப்போது சுவரில் ஓட்டை போடுவோம். மூக்குக்கண்ணாடியின் கால் குஷனைத் தூக்கிப் பிடிப்பதால் 20 சதுர மில்லிமீட்டர் பரப்பும் 2 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சந்து உண்டாகிறது என்று வைப்போம். அந்தச் சந்தில் நிற்கும் காற்றின் எடை சுமார் அரை மில்லிகிராம். அரை மில்லிகிராம் ஒரு எடையா என்று தோன்றும். ஆனால் அதற்கும் நிலைமம் உண்டு. 1,000 ஹெர்ட்ஸில் அழுத்தம் வினாடிக்கு ஆயிரம் முறை ஏறி இறங்குகிறது. அந்த அரை மில்லிகிராம் காற்று வெளியே கிளம்புவதற்குள் உள்ளே இழுக்கப்படுகிறது, மறுபடி தள்ளப்படுகிறது. நின்ற இடத்திலேயே தவிக்கிறது. ஓட்டை இருந்தும் அடைத்த மாதிரிதான். 40 ஹெர்ட்ஸில் அதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. சாவகாசமாக வெளியே போய் வருகிறது. அது போய் வரும்போது அழுத்தமும் வடிந்துவிடுகிறது.

இரண்டுக்கும் எல்லை எங்கே? உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங், சந்தில் நிற்கும் காற்று எடை. ஸ்பிரிங்கில் கட்டிய எடைக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ட சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டால் 170 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. அதற்கு மேலே எல்லாம் பத்திரம். அதற்குக் கீழே அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் அழுத்தம் ஏறக்குறைய கால்வாசியாகிறது. குரலும் வயலினும் பழையபடி கேட்க, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் காணாமல் போவது இப்படித்தான். வலைத்துணியில் சந்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அங்கே காற்றின் உராய்வும் சேர்ந்துகொள்ளும். நஷ்டம் மட்டும் பேஸுக்கே.

மதுரை வாசகர் இதை இப்போதே சோதிக்கலாம். 40 ஹெர்ட்ஸ் ஒலியைச் சத்தம் குறைவாக வைத்து ஓடவிட்டு, குஷனின் வெளிவிளிம்பைச் சுற்றி உள்ளங்கைகளால் பொத்துங்கள். பேஸ் பொங்கி வந்தால் டிரைவர் நலம். வெளிச்சுவரும் முகத்தில் படும் பக்கமும் காற்றுப் புகாததாக ஒரு குஷன் வாங்கிப் போட்டால் போதும். காதைப் பார்த்த உட்சுவரில் துளைகள் இருந்தால் பரவாயில்லை. அவை காற்றை வெளியே விடுவதில்லை, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சுக்குத்தான் விடுகின்றன.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கேள்திறன் சோதனை செய்யும் இடங்களில் இருப்பதும் ஹெட்போன்தான். ஓட்டை பெரிதாகவோ காற்று அறை சின்னதாகவோ இருந்தால் நாம் கண்ட 170 ஹெர்ட்ஸ் எல்லை இன்னும் மேலே ஏறும்; அங்கே குஷன் வெடித்துக் கசிந்தால் 250, 500 ஹெர்ட்ஸில்கூட ஒலி குறைந்து போகும். நன்றாகக் கேட்கும் குழந்தைக்கும் குறை இருப்பதாகத் தாளில் பதிவாகும். கருவி வாங்க ஒதுக்கும் பணத்தோடு குஷனுக்கும் வருடாந்திர அளவீட்டுச் சரிபார்ப்புக்கும் சேர்த்து ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒலியியல் அளவீட்டு ஆய்வகம் என்பது ஏதோ பாட்டுப் பிரியர்களின் ஆடம்பரம் என்று நம் பொறியியல் கல்லூரிகள் நினைக்கும்வரை இந்தப் பணிக்கு ஆள் கிடைக்கமாட்டார்கள்.

சரி, குஷனின் தடிமனுக்கு வருவோம். தடித்த குஷன் போட்டால் டிரைவர் காதிலிருந்து தள்ளிப்போகும். பேஸுக்கு அது கொள்ளளவு சற்றுக் கூடியது மட்டும்தான். ட்ரெபிளுக்கோ, அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிக்கோ, அது பெரிய விஷயம். 8,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் நாலு சென்டிமீட்டர் சொச்சம். அங்கே சில மில்லிமீட்டர் மாறினாலும் அலைகள் ஒன்றை ஒன்று கூட்டும் இடமும் கழிக்கும் இடமும் நகர்ந்துவிடும். "புதுக் குஷன் போட்டதும் பாடகரின் ச, ஷ எல்லாம் கீச்சென்று குத்துகிறது" என்று சிலர் சொல்வது கற்பனை அல்ல.

மாற்றியமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த கதை சென்ஹைசரின் எச்டி 800. 2009இல் வந்த திறந்த ரக ஹெட்போன், அதாவது கப்பின் பின்பக்கம் அடைக்காமல் காற்று போக விட்டிருக்கும் ரகம்; விசாலமான ஒலி. ஆனால் 6,000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு துருத்தல் இருந்தது, சில பாடல்களில் காதைக் குத்தும். பொறுமையான ரசிகர்கள் டிரைவரைச் சுற்றியுள்ள உலோக வளையத்தின்மேல் ஒலி உறிஞ்சும் துணியையும் ஃபோமையும் ஒட்டி அதைத் தணித்தார்கள். ஃபோமின் நுண்துளைகளுக்குள் முன்னும் பின்னும் ஓடும் காற்று உராய்ந்து, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிவிடும். பின்னால் வந்த எச்டி 800 எஸ்ஸில் நிறுவனமே ஓர் ஒத்ததிர்வு உறிஞ்சியை உள்ளே வைத்தது. அது என்ன? ஒரு குட்டி அறை, ஒரு குட்டித் திறப்பு. நம் பேஸைத் தின்ற அதே காற்று ஸ்பிரிங், அதே காற்று எடை. இங்கே 6,000 ஹெர்ட்ஸுக்குப் பொருத்தி அளவெடுத்து, வேண்டாத துருத்தலை மட்டும் விழுங்க வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்து பார்ப்பதானால், திரும்ப எடுக்கக்கூடிய பொருளில் ஆரம்பியுங்கள். கப்பின் உள்ளே, டிரைவருக்குப் பின்னால் உள்ள சுவரில் மெல்லிய கம்பளித் துணி ஒரு துண்டு, கேட்டுப் பாருங்கள், அப்புறம் இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒரே அளவு. டிரைவரின் பின்னால் சின்ன வட்டத் தாளோ துணியோ ஒட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். சவ்வின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் காற்றுத்தடை அது. பிய்ந்தால் பேஸ் கட்டுக்கடங்காமல் வீங்கிவிடும்.

சுத்தம் செய்வதில் பெரிய வித்தை இல்லை. வெல்வெட் குஷனைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் ஒருநாள் முழுக்க உலர்த்தலாம். செயற்கைத் தோலை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும், சானிடைசர் வேண்டாம். ஆனால் குஷனைக் கழற்றியதும் வெளிச்சத்தில் டிரைவரைப் பாருங்கள். ஒரே ஒரு தலைமுடி கம்பிவலை வழியே நுழைந்து சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தால், பேஸ் வரும்போதெல்லாம் வண்டு மாதிரி ஒரு ர்ர்ர் கேட்கும். டிரைவர் கிழிந்துவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்த ஒற்றை முடிக்காகத்தான். பிளாஸ்டிக் இடுக்கியால் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால் வந்துவிடும். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவே கூடாது, சவ்வு நசுங்கிவிடும். இரும்பு ஸ்க்ரூடிரைவரை டிரைவருக்கு மேலே கொண்டுபோனால் காந்தம் அதைக் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கும், நுனி நேரே சவ்வுக்குள் இறங்கும். டிரைவரை ஒரு அட்டையால் மூடிவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

கடைசியாகக் கேபிள். வெள்ளிக் கேபிள் போட்டால் ஒலி திறக்கும், நூறு மணி நேரம் ஓடவிட்டால் பழகும் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். 300 ஓம் ஹெட்போனுக்கு அரை ஓம் கேபிள் செய்யும் மாற்றம் 0.015 டெசிபலுக்கும் குறைவு. எந்த மனிதக் காதும் அதைக் கேட்காது. நாள் நட்சத்திரம் பார்த்து மின்சாரம் பாய்வதில்லை. கேபிள் அறுந்தால் மாற்றவேண்டும், மற்றபடி அது கேபிள்.

அறுந்திருப்பது பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில்தான். மல்டிமீட்டரில் இடது, வலது மின்தடையை அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் முடிவிலி காட்டினால் கம்பியை ஆட்டிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வெட்டி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் புதுப் பிளக்கைப் பற்றவைக்கலாம். உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சைக் கம்பிகள் இன்சுலேஷன் இல்லாத வெறும் செம்பு போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு இழையிலும் எனாமல் பூச்சு இருக்கும். நடுவில் ஓடும் நூலைக் கத்தரித்துவிட்டு, சால்டரிங் அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, கம்பி முனையை அதில் சில வினாடி முக்குங்கள். லேசாகப் புகை வந்து எனாமல் கருகி, செம்பு வெள்ளியாகப் பளபளத்தால் ஈயம் பிடித்துவிட்டது. பிளக்கின் மூடியைத் திருகுவதற்கு முன் மறுபடி ஒருமுறை இரண்டு பக்க மின்தடையையும் அளந்துவிடுங்கள்.