சாதன ஒதுக்கெண்: ‘டிவைஸ் ஐடி ஆட்டோ’ என்ற சொல்லுக்குள் இருப்பது

லினக்ஸ் ஓடும் ஒரு சிறு கணினிப் பலகையில் /சிஸ்/பஸ்/பிளாட்ஃபார்ம்/டிவைசஸ் என்ற அடைவைத் திறந்து பாருங்கள். ‘எக்ஸ்எச்சிஐ-எச்சிடி.0.ஆட்டோ’ என்பதுபோன்ற பெயர் கண்ணில் படலாம். முன்பகுதி, சாதனத்தை இயக்கும் நிரலான இயக்கியோடு (டிரைவர்) பொருந்தவேண்டிய பெயர். நடுவில் உள்ள 0, லினக்ஸின் கருநிரலான கெர்னல் தானாகக் கொடுத்த எண். கடைசியிலுள்ள ‘ஆட்டோ’ என்ற வால், அந்த எண்ணை மனிதர் யாரும் எழுதிவைக்கவில்லை என்பதற்கான குறி. இயக்கி எழுதியவர் எண் இருக்கவேண்டிய இடத்தில் பிளாட்ஃபார்ம்_டெவ்ஐடி_ஆட்டோ என்ற மாறிலியைக் கொடுத்திருக்கிறார் என்று இதற்குப் பொருள்.

இந்த எண்ணைத் தமிழில் பலரும் ‘தனித்துவ அடையாளங்காட்டி’ என்று எழுதுகிறோம். சொல் பிழையில்லை, ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தாது. ‘ஐடி’ என்பதன் வேர் ‘அதுவே’ எனப் பொருள்படும் ‘ஈடெம்’ என்ற லத்தீன் சொல். நேற்றுப் பார்த்ததும் இன்று பார்ப்பதும் ஒன்றே என்று உறுதி சொல்வதுதான் அடையாளம். ஆதார் எண்ணை வழங்கும் அமைப்பின் பெயரில் ‘தனித்துவ அடையாளம்’ என்று இருப்பது சரி. அந்த 12 இலக்கம் ஒருவருக்கு ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான், இன்னொருவருக்குப் போகாது. கெர்னல் கொடுக்கும் எண் அப்படிப்பட்டதல்ல. மருத்துவமனை வாசலில் கிடைக்கும் டோக்கனைப் போன்றது அது. இந்த நேரத்தில் 3ஆம் எண் இரண்டு பேரிடம் இருக்காது, அவ்வளவுதான் உறுதி. நாளைக்கு அதே 3 வேறொருவர் கையில் இருக்கும்.

‘ஆட்டோ’வின் கிரேக்க வேருக்குத் ‘தான்’ என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு ‘தானியங்கி எண்’ என்று எழுதினால், எண்ணே இயங்குவதாக ஆகிவிடுகிறது. இயங்குவது கெர்னல், எண் அது எடுத்துக் கொடுப்பது. ஆகவே ‘ஒதுக்கெண்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறோம். தேவையான இடத்தில் ‘தானாக ஒதுக்கிய எண்’ என்று விரித்து எழுதலாம். ஒதுக்கீடு என்றாலே ஒருவர் ஒதுக்குகிறார், இன்னொருவர் பெறுகிறார், பிறகு திருப்பித் தரவேண்டியும் வரலாம் என்ற மூன்றும் தமிழ்க் காதுக்கு உடனே விளங்கும். திருப்பித் தருவது இந்தத் துறையில் மிக முக்கியம்.

மாறிலிகளில் முதல் பொறி இருக்கிறது. பிளாட்ஃபார்ம் சாதனத்தை (தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளாததால் நிரல் பெயர்சொல்லிப் பதியும் சாதனம்) கெர்னலில் பதியும்போது -1 கொடுத்தால் ‘எண்ணே வேண்டாம்’ என்று பொருள். பெயர் மட்டும் நிற்கும், புள்ளியும் வராது. -2 கொடுத்தால்தான் ‘நீயே ஒதுக்கு’ என்று பொருள். ஆனால் சில்லுகளை இணைக்கும் எஸ்பிஐ பஸ்ஸின் எண்ணிலும், ஜிபிஐஓ எனும் பொதுப் பயன்பாட்டு முனைகளின் தொடக்க எண்ணிலும் -1 கொடுத்தாலே தானாக ஒதுக்கச் சொல்வதாகக் கொள்ளப்படும். அந்தப் பழக்கத்தில் பிளாட்ஃபார்ம் சாதனத்துக்கும் -1 எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். ஒரே ஒரு சாதனம் இருக்கும்வரை பிழை தெரியாது. அதே வகையில் இரண்டாவது செருகப்பட்டதும் ‘ஒரே கோப்புப் பெயரை இருமுறை உருவாக்க முடியாது’ என்று /சிஸ் அடைவை நடத்தும் சிஸ்எஃப்எஸ் அலறி, -17 (ஏற்கெனவே இருக்கிறது) என்ற பிழையோடு பதிவு நின்றுவிடும். யுஎஸ்பி வழியாக வரும் பல்பணிச் சில்லுகளில் (ஒரே சில்லில் பல சாதனங்கள்) இது அதிகம். சோதனை மேசையில் ஒன்றுதான் இருந்திருக்கும், வாங்கியவர் இரண்டைச் செருகுவார். மாறிலியின் பெயரையே எழுதுங்கள், வெறும் எண்ணை எழுதாதீர்கள்.

எண் எங்கிருந்து வருகிறது? கெர்னலுக்குள் ஐடிஏ என்ற பொதுக் கருவி இருக்கிறது. எந்த எண் எடுபட்டது, எது காலி என்பதை 128 பைட் துண்டுகளில், எண்ணுக்கு ஒரு பிட் வீதம் குறித்து வைக்கும். ஒரு துண்டில் 1024 எண்கள் அடங்கும். ஐடிஏ_அலாக் என்று கேட்டால் காலியாக உள்ளவற்றில் மிகச் சிறிய எண்ணைத் தரும். ஐடிஏ_ஃப்ரீ என்று சொன்னால் திரும்ப வாங்கிக்கொள்ளும். 0, 1, 2 என மூன்று சாதனங்கள் இருக்கும்போது 0 கழன்றால், அடுத்து வருவதற்கு 3 கிடைக்காது, 0தான் கிடைக்கும்.

இதை விட்டுவிட்டு ஓர் அட்டாமிக் மாறியை (இடையில் குறுக்கீடு இல்லாமல் மாற்றப்படும் மாறி) ஒவ்வொன்றாகக் கூட்டி எண் கொடுக்கும் இயக்கிகளும் உண்டு. எண் ஏறுமே தவிர இறங்காது. செருகிக் கழற்றும் சாதனமாக இருந்தால் ஒருநாள் வரம்பைத் தொட்டே தீரும்.

ஐடிஏ பயன்படுத்தும்போது திரும்பத் திரும்பக் காணும் பிழைகள் சில. விடையை ‘யு32’ என்ற குறியற்ற (எதிர்ம எண் ஏற்காத) மாறியில் வாங்கிக்கொண்டு ‘சுழிக்குக் கீழா’ என்று சோதிப்பது ஒன்று. குறியற்ற மாறியில் அந்தச் சோதனை ஒருபோதும் உண்மையாகாது. நினைவகம் இல்லை என்று வந்த எதிர்மப் பிழையே பெரிய எண்ணாக மாறி உள்ளே போய்விடும். குறியுள்ள ‘இன்ட்’டில் வாங்கிச் சோதித்த பிறகே மாற்ற வேண்டும். இன்னொன்று, பழைய ஐடிஏ_சிம்பிள்_கெட் அழைப்பைப் புதியதாக மாற்றும்போது நேர்வது. பழையதில் மேல் எல்லை சேராது, புதிய ஐடிஏ_அலாக்_மேக்ஸில் சேரும். 16 என்ற எல்லையை அப்படியே பெயர்த்தால் 0 முதல் 15 வரை வரவேண்டிய இடத்தில் 16உம் வந்து, பதினாறு இடமே உள்ள வரிசைக்கு வெளியே எழுதும். 15 என்று குறைத்து எழுதவேண்டும். எண் வாங்கிய பிறகு வேறொரு படி தோற்றால், வெளியேறும் பாதையில் எண்ணைத் திருப்பித் தர மறப்பதும் வழக்கம். இருமுறை திருப்பித் தந்தாலோ ‘ஒதுக்கப்படாத எண்’ என்று கெர்னல் எச்சரிக்கும்.

இவற்றில் கொடியது, எண்ணைச் சீக்கிரமே திருப்பித் தருவது. யுஎஸ்பி சாதனத்தைப் பிடுங்கியாயிற்று, ஆனால் ஒரு நிரல் அதன் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. டிஸ்கனெக்ட் சார்பிலேயே எண்ணை விட்டுவிட்டால், அடுத்து செருகிய சாதனம் அதே எண்ணைப் பெறும். எண்ணை வைத்து அட்டவணையில் தேடும் இயக்கியாக இருந்தால், பழைய நிரல் எழுதுவது புதிய சாதனத்துக்குப் போகும். கடைசிப் பிடி விடுபட்ட பிறகு அழைக்கப்படும் ரிலீஸ் சார்பில்தான் எண்ணைத் திருப்பித் தரவேண்டும்.

‘ஆட்டோ’வுக்கு மாற்றுவதும் எப்போதும் இலவசமல்ல. இயக்கி பொருந்துவது எண் சேராத பெயரை வைத்து என்பதால் அது தப்பிக்கும். ஆனால் கிளாக் (சாதனத்துக்கு வரும் துடிப்புச் சைகை), ஜிபிஐஓ தேடல் அட்டவணைகள் சாதனத்தின் முழுப் பெயரைப் பார்க்கும். அங்கே ‘பெயர்.0’ என்று எழுதியிருந்தால், ‘பெயர்.0.ஆட்டோ’ ஆனதும் கிளாக் கிடைக்காமல் போகும். மாற்றும் முன் பழைய முழுப் பெயரை, பலகையின் சாதனங்களைப் பட்டியலிடும் பலகைக் கோப்புகளில் தேடிவிடுங்கள்.

இதே குடும்பத்தில் மூத்த சொற்கள் ‘மேஜர்’, ‘மைனர்’. /டெவ் கோப்பு ஒவ்வொன்றுக்கும் இந்த இணை உண்டு. /டெவ்/நல் என்றால் 1, 3. லினக்ஸ் 2.6 முதல் மேஜருக்கு 12 பிட், மைனருக்கு 20 பிட். அதற்கு முன் 8 பிட் வீதம்தான். மேஜரைத் தானாக ஒதுக்கச் சொன்னால் எழுத்துச் சாதனங்களுக்கு (கேரக்டர் டிவைஸ்) 254இலிருந்து 234 வரை கீழ்நோக்கியும், அதுவும் நிரம்பினால் 511இலிருந்து 384 வரையும் காலியிடம் தேடப்படும். கிடைத்ததை /ப்ராக்/டிவைசஸில் பார்க்கலாம். தமிழில் ‘பெரும எண், சிறும எண்’ என்று எழுதவேண்டாம், கணக்கில் அவை வேறு பொருளுக்கு உரியவை. ‘முதன்மை எண்’ணும் சிக்கல், இலங்கைப் பாடநூல்களில் அது பகா எண்ணைக் குறிக்கும். ‘தலை எண், கிளை எண்’ என்றால் இயக்கி தலை, அதன்கீழ் வரும் சாதனங்கள் கிளை என்று தெளிவாக நிற்கும்.

அப்படியானால் ‘அடையாளம்’ என்ற சொல்லை எங்கே வைப்பது? உண்மையிலேயே மாறாமல் நிற்பவற்றுக்கு. ஒதுக்கெண் இயக்கி எழும் வரிசையைப் பொறுத்தது. ஓர் இயக்கி ‘பிறகு முயல்க’ எனப் பொருள்படும் -517 சொல்லித் தள்ளிப்போட்டால் அடுத்தது முந்திக்கொள்ளும். இரண்டு நினைவட்டைகள் உள்ள பலகையில் எம்எம்சிபிஎல்கே0, எம்எம்சிபிஎல்கே1 என்ற பெயர்கள் இடம்மாறி, ரூட் (மூல அடைவு உள்ள பகிர்வு) கிடைக்காமல் கெர்னல் நின்றுவிடுவது இதனால்தான். பூட் வரியில் அந்தப் பகிர்வுக்கே உரிய மாறாத அடையாளமான பார்ட்யுயுஐடி கொடுத்தால் தீரும், அதற்கு இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின்போது நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை) கூடத் தேவையில்லை. எண்ணே மாறாமல் வேண்டுமென்றால் டிவைஸ் ட்ரீயின் (பலகையின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) அலையஸ் பகுதியில் எந்தக் கட்டுப்படுத்திக்கு எந்த எண் என்று எழுதிவைக்கலாம். தானாக ஒதுக்குவது அவற்றை விட்டு அடுத்த எண்ணிலிருந்து தொடங்கும்.

சீரியல் போர்ட்டுகளுக்கு /டெவ்/சீரியல்/பை-ஐடி இருக்கிறது, அது சில்லில் பொறித்த தொடர் எண்ணைப் பார்க்கும். ஆனால் விலை மலிந்த சிஎச்340 யுஎஸ்பி-சீரியல் மாற்றிகளில் பெரும்பாலும் தொடர் எண்ணே இருக்காது. இரண்டைச் செருகினால் இரண்டுக்கும் ஒரே பெயர் வரும், ஒன்றுதான் நிற்கும். அங்கே /டெவ்/சீரியல்/பை-பாத்தைப் பயன்படுத்துங்கள். அது எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதைச் சொல்லும், எந்த மாற்றி என்பதைச் சொல்லாது. ஆகவே துளைகளுக்குப் பக்கத்தில் பேனாவால் பெயரெழுதி வையுங்கள்.