சயான் பூங்காவின் 50 லட்சம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் சயான் தேசியப் பூங்காவில் 2013-இல் பதிவான வருகைகள் சுமார் 28 லட்சம். 2021-இல் 50 லட்சத்தைத் தாண்டின. இவ்வளவு பேர் யார் என்று கேட்பதற்கு முன், இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அமெரிக்கப் பூங்காக்களில் பெரும்பாலும் எண்ணப்படுவது வண்டிகள்தான்.

தார்ச்சாலையை மெல்லிய கோடாக அறுத்து, காப்பிட்ட கம்பியைச் சில சுற்றுகள் புதைத்து, மாறுதிசை மின்னோட்டம் செலுத்துவார்கள். மேலே கார் வந்ததும் அதன் உலோக அடிப்பகுதியில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கம்பிச்சுருளின் மின்தூண்டல் குறையும். சாலையோரப் பெட்டி அதை ஒரு வண்டி என்று குறித்துக்கொள்ளும். நெரிசலில் ஒட்டி நகரும் இரண்டு கார்கள் ஒன்றாகப் பதிவாகலாம். மோட்டார் சைக்கிள் தப்பிவிடலாம். உறைபனியில் சாலை வெடித்துக் கம்பி அறுந்தால், சரிசெய்யும் வரை மதிப்பீட்டை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நடந்து நுழைபவர்களுக்குத் தனிக் கணக்கு.

கருவியைவிடப் பெரிய பிழை பெருக்கலில் வரும். ஊழியர்களின் வண்டிகளையும் சரக்கு வண்டிகளையும் கழித்து, மிஞ்சுவதை வண்டிக்குச் சராசரியாக எத்தனை பேர் என்ற எண்ணால் பெருக்குகிறார்கள். நாளுக்கு 4,500 வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு 2.7 பேர் என்றால் 12,150 வருகைகள், உண்மையில் 2.4 பேர்தான் என்றால் 10,800. ஆண்டு முழுக்க இப்படியே போனால் ஏறக்குறைய 5 லட்சம் வித்தியாசம். வாசலில் நின்று தலைகளை எண்ணி அந்தச் சராசரியை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால், இல்லாத கூட்டமும் கணக்கில் ஏறிவிடும்.

இன்னொன்று: பூங்காவுக்குள்ளேயே கூடாரமடித்து மூன்று நாள் தங்குபவர் ஒரு வருகை. வாசலை ஒட்டிய ஸ்பிரிங்டேல் ஊரில் அறை எடுத்து மூன்று நாளும் போய்வருபவர் மூன்று வருகை. ஒரே நாளில் எத்தனை முறை நுழைந்தாலும் ஒன்றுதான். ஆக, வெளியே விடுதிகள் பெருகினால், ஆள் கூடாமலே வருகை கூடும்.

வந்தவர் எந்த ஊர் என்று கம்பிக்குத் தெரியாது. அதற்கு வாசலில் கருத்தாய்வு நடத்த வேண்டும். ஆனாலும் 2021 ஒரு நல்ல தடயம் தருகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதி, சீனா, பிரேசில் முதலிய இடங்களிலிருந்து வருவோருக்கு அமெரிக்கா விதித்த கொரோனாத் தடை நவம்பர் 8 அன்றுதான் நீங்கியது. அந்த ஆண்டில்தான் சயான் 50 லட்சத்தைத் தொட்டது. கூட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் அமெரிக்கர்களே. யூட்டா சுற்றுலாத் துறை தன் ஐந்து தேசியப் பூங்காக்களையும் சேர்த்து 2013-இல் தொடங்கிய விளம்பரம், லாஸ் வேகாஸ் விமான நிலையத்திலிருந்து சுமார் இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம், 2016-இல் தேசியப் பூங்கா சேவையின் நூற்றாண்டு எல்லாம் ஏற்கெனவே வழியைத் திறந்து வைத்திருந்தன.

நெரிசலைக் குறைக்க ஆண்டுக் கூட்டுத்தொகை அவ்வளவாக உதவாது. எந்த மணியில், எந்தப் பாதையில் என்பதே முக்கியம். 2022 ஏப்ரலிலிருந்து ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாறைமுகட்டுக்கு ஏறக் குலுக்கலில் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியும் ஒரு நாளுக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, புறப்படும் நேரவாரியாகப் பிரித்தே தரப்படுகிறது.