அமெரிக்காவின் பழைய நிலவரைபடங்கள்: யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்

அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1884 முதல் 2006 வரை அச்சிட்ட நிலவரைபடங்களை ஸ்கேன் செய்து, 'டோபோவியூ' என்ற தளத்தில் வைத்திருக்கிறது. மொத்தம் 1,78,000-க்கும் மேல். கட்டணம் கிடையாது, விண்ணப்பம் வேண்டாம், அமெரிக்கக் குடிமகனாக இருக்கவும் வேண்டாம். மத்திய அரசு ஊழியர்கள் பணியில் உருவாக்கியவற்றுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் பதிப்புரிமை இல்லை. அதனால் இவற்றைப் புத்தகத்தில் சேர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். துறையின் பெயரைக் குறிப்பிடுவது மரியாதை.

தளத்தில் ஊர்ப்பெயரைத் தேடினால் அந்த இடத்துக்கு வந்த தாள்கள் ஆண்டுவாரியாக வரும். சும்மா பார்க்க ஜேபெக் என்ற சாதாரணப் படக் கோப்பு போதும். இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்க்க, இருப்பிடத் தகவலும் சேர்ந்த ஜியோடிஃப் கோப்பை எடுங்கள்.

விவசாய ஊர்களையும் ரயில் ஊர்களையும் தேடுபவர்களுக்கு இது பெரிய புதையல். 1:62,500 அளவுத் தாளில் ஓர் அங்குலம் கிட்டத்தட்ட ஒரு மைல். அதிலேயே பண்ணை வீடுகள் சின்னக் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். கொடி வைத்த கட்டடம் பள்ளிக்கூடம், சிலுவை வைத்தது தேவாலயம், குறுக்குக் கோடுகள் போட்ட கறுப்புக் கோடு ரயில் பாதை. பின்னால் வந்த 1:24,000 தாள்களில் விவரம் இன்னும் அதிகம். ஒரே இடத்தின் இரண்டு மூன்று தாள்களை ஆண்டு வரிசையில் பார்த்தால், கிளை ரயில் பாதை ஒன்று வந்ததும் மறைந்ததும் கண்ணெதிரே தெரியும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் ஆண்டு விஷயத்தில் கவனம் தேவை. தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் தனித்தனியாக இருக்கும். பழைய அளவையை மாற்றாமல் பல ஆண்டுகள் கழித்து மறுபடி அச்சிட்ட தாள்கள் நிறைய உண்டு. அச்சான ஆண்டை நம்பி 'அப்போது ரயில் ஓடியது' என்று எழுதிவிடாதீர்கள். ஊதா நிறத்தில் இருப்பவை, பிற்பாடு விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துச் சேர்த்த மாற்றங்கள்.

அப்புறம், நிலம் யாருடையது என்பது இந்தத் தாள்களில் இருக்காது. மத்திய அரசின் நிலம் முதன்முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதை அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையப் பதிவேடுகளில் இலவசமாகப் பார்க்கலாம். அதற்குப் பிந்தைய கைமாற்றங்களுக்கு அந்தந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும்.