இருபடிச் சமன்பாடு: பெயருக்குள் மறைந்த சதுரம்

சேலத்தில் ஆங்கில வழியில் பத்தாம் வகுப்புக் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘குவாட்’ என்றால் நான்காயிற்றே, அடுக்கு இரண்டாக இருக்கும் சமன்பாட்டை ஏன் ‘குவாட்ராட்டிக்’ என்கிறார்கள்? தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு வரும் குழப்பம் வேறு: இருபடி என்பதை இரண்டே படிகளில் முடியும் கணக்கு என்று எண்ணிவிடுகிறார்கள்.

லத்தீனில் ‘குவாட்ராட்டம்’ என்பது சதுரம். பக்கங்கள் நான்கு என்பதால் அதற்கு அந்தப் பெயர்; ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் சதுரத்தின் பரப்பு கிடைப்பதால், அத்தகைய பெருக்கம் வரும் சமன்பாட்டுக்கும் சதுரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. நம் ‘சதுரம்’ என்ற சொல்லும் நான்கு மூலை உடையது என்று பொருள்படும் வடசொல்லின் வழியில் வந்ததுதான். 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயம், ‘வர்க்கம்’ என்ற ஒரே சொல்லால் சதுர வடிவத்தையும் இரு சம எண்களின் பெருக்கத்தையும் குறிக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இன்றுவரை இது வர்க்க சமீகரணமே.

தமிழோ, வடிவத்தை விட்டு அடுக்கைப் பிடித்துக்கொண்டது. ‘படி’ என்பது மாடிப்படியும் ஆகும், அரிசி அளக்கும் படியும் ஆகும். இங்கோ மாறியின் அடுக்கு ஏறும் நிலையைக் குறிக்கிறது. மிக உயர்ந்த அடுக்கு இரண்டானால் இருபடி, மூன்றானால் முப்படி. இத்தகைய கலைச்சொற்கள் தாமாக முளைத்தவை அல்ல. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, கணிதம் உள்ளிட்ட துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கவென்றே 1916இல் ஒரு சங்கம் தொடங்கினார்.

முப்படி, நாற்படி என்று தடையின்றி நீளும் வசதிக்காகவே ‘இருபடிச் சமன்பாடு’ சரியான சொல் என்பேன் (நடுவில் வரும் ‘ச்’சை விட்டுவிடக் கூடாது). ஆனால் அந்தப் பெயரில் சதுரம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அதைப் பாடம் நடத்துபவர்தான் காட்ட வேண்டும்.

ஜவ்வரிசி காயவைக்கும் சிறு களம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் அகலத்தைவிட 7 மீட்டர் அதிகம், பரப்பு 120 சதுர மீட்டர். அகலத்தை ‘அ’ என்றால், அ² + 7அ = 120. இதைத் தரையில் கோடு கிழித்துப் பார்த்தால், அ பக்கமுள்ள ஒரு சதுரமும் அதையொட்டி 7 மீட்டர் அகலப் பட்டை ஒன்றும் தெரியும். பட்டையை 3.5 மீட்டராக இரண்டாக வெட்டி, சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டினால், ஒரு மூலை மட்டும் காலியாக நிற்கும். அதன் பரப்பு 12.25. அதையும் நிரப்பினால் 132.25 சதுர மீட்டர் கொண்ட முழுச் சதுரம், பக்கம் 11.5 மீட்டர். 3.5ஐக் கழித்தால் அகலம் 8, நீளம் 15. வகுப்பில் ‘வர்க்கப் பூர்த்தி’ என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பது இந்த மூலையை நிரப்பும் வேலையைத்தான்.

132.25க்கு −11.5 என்ற வர்க்கமூலமும் இருப்பதால், அ = −15 என்பதும் சமன்பாட்டின் தீர்வே; களத்துக்கு அது பொருந்தாது என்பதால் மட்டுமே விடைத்தாளில் அதை விலக்குகிறோம்.